மாட்டு மகானின் காது

ஊரே மாட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியது. என்னவென்று கேட்டால், மகான் வந்திருக்கிறாராம்.

எந்த மகான்? மாட்டு மகான். மனிதர்களுக்கு வழிகாட்டும் தொழிலில் போட்டி அதிகமாகிவிட்டதால், எதிர்த்துப் பேசாத வாடிக்கையாளர்களாகப் பார்த்து மாட்டுப் பக்கம் இறங்கியவர். மூடிக்கிடந்த பழைய பால்பண்ணைக் கொட்டகையில் முகாம். வாசலில் வேன். வேனின் தலையில் ஒலிபெருக்கி. ஒலிபெருக்கிக்குப் பின்னால் ஓயாத தொண்டையோடு ஒரு சீடர்.

"வாங்க, வாங்க! ரத்தம் பேசும், மகான் கேட்பார்! உங்க மாடு சுத்தமா, கலப்பா? இந்தக் குளிரைத் தாங்குமா, தாங்காதா? பனி கொட்டறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்குங்க!"

வித்தை இதுதான். மகான் மாட்டின் விலாவில் காதை வைப்பார். கண்ணை மூடுவார். சுத்தமான இனம் என்றால் இரத்தம் ஒரே சுருதியில் ஓடுமாம். கலப்பினம் என்றால் இரண்டு சுருதியாம். அப்பன் வழி இரத்தம் ஒரு பாஷை பேச, ஆத்தா வழி இரத்தம் வேறு பாஷை பேச, நடுவில் மொழிபெயர்க்க ஆளில்லாமல் மாடு சளிப் பிடித்துச் சாகுமாம். குடும்பச் சண்டையால் தலைவலி வருவதைப் பார்த்திருக்கிறோம். நிமோனியா வருவதை அன்றுதான் கேள்விப்பட்டோம்.

மாட்டின் வயிற்றருகே யார் காதை வைத்தாலும் இரைச்சல் கேட்கும். காலையில் தின்ற வைக்கோல் உள்ளே புரளுகிற சத்தம் அது. ஆனால் வைக்கோல் புரளுகிறது என்று சொன்னால் யார் காசு கொடுப்பார்கள்?

காதை எடுத்ததும் தீர்ப்பு. தீர்ப்பு முடிந்ததும் கயிறு. சுத்தத்துக்கு வெள்ளைக் கயிறு. பாதிக் கலப்புக்கு மஞ்சள். முழுக் கலப்புக்குச் சிவப்பு. மாட்டுக்கு ஆபத்து ஏற ஏற, கயிற்றுக்கு விலையும் ஏறும். கட்டிய கயிறு வாரத்தில் 'இளைத்துப்போகும்' என்பதால் புதிதாக வாங்கிக் கட்ட வேண்டும். முக்கியமான கட்டளை ஒன்று உண்டு: தடுப்பூசி கூடவே கூடாது. ஊசி குத்தினால் இரத்தத்தில் ஓட்டை விழுமாம், ஓட்டை வழியாகக் குளிர் உள்ளே போகுமாம்.

சிவப்புக் கயிறு வாங்க வசதியில்லாதவர்களை மகான் கைவிட்டாரா? இல்லை. கொட்டகையின் வடக்கு வாசலில் ஒரு தரகர் நின்றார். எப்படியும் சாகப்போகிற மாடாயிற்றே என்று இரக்கப்பட்டு அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்வார். அந்த இரக்கத்தை ஏற்றிப்போக ஒரு லாரியும் நின்றது.

இந்தக் கூட்டத்தில் முதல் ஆளாய் நின்றவர் எங்கள் தெருப் பால்காரர். 'சுத்தக்காரர்' என்றால்தான் ஊருக்குத் தெரியும். நாங்கள் செம்பை நீட்டும்போதெல்லாம் "சுத்தம்!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத்தான் பால் ஊற்றுவார். பாலில் ஆரம்பித்த இந்தச் சுத்தம் பிறகு பாத்திரத்துக்கு, படுக்கைக்கு, பரம்பரைக்கு என்று பரவிவிட்டது.

அவரிடம் இரண்டு மாடுகள். ஒன்று மகாராணி. சான்றிதழோடு வந்த சுத்தமான சீமை இனம். இன்னொன்று புள்ளி. அப்பன் சீமைக் காளை, ஆத்தா உள்ளூர் மலைமாடு. குளிர் தொடங்கிய நாளிலிருந்து மகாராணி தும்மிக்கொண்டிருந்தது. புள்ளி தன் தீனியைத் தின்றுவிட்டு மகாராணியின் தீனியையும் எட்டித் தின்றுகொண்டிருந்தது.

மகாராணியை மகானிடம் காட்டி வெள்ளைக் கயிற்றோடு திரும்பிய அன்று, சாப்பாட்டு மேசையில் சுத்தக்காரர் அறிவித்தார்:

"புள்ளியை வர்ற ஞாயித்துக்கிழமை லாரியில ஏத்திவிடப் போறேன். காட்டவே வேண்டாம்னுட்டாரு சாமி. கலப்பு பக்கத்துல நின்னாலே மகாராணிக்கும் ஒட்டிக்குமாம்."

அவருடைய மனைவி கரண்டியோடு நின்றார். மகன் தட்டைப் பார்த்தான். மருமகள் மட்டும் கேட்டாள்:

"மாமா, அப்ப மகாராணி ஏன் தும்முது?"

"அது தும்மல் இல்லம்மா. கம்பீரம்."

கொட்டிலிலிருந்து கம்பீரம் இரண்டு தடவை கேட்டது.

மகனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் பால் வேன் ஓட்டுகிறவன். நல்ல பையன். ஆனால் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. துக்க வீட்டுக்கு அவனை யாரும் கூப்பிடுவதில்லை.

அடுத்து அவர் சொன்னதில் அந்தச் சிரிப்பும் நின்றுபோனது.

"எதுவா இருந்தாலும் கலப்பு குளிரைத் தாங்காதுன்னு சாமி சொல்றாரு. எதுவா இருந்தாலும்."

சொல்லிவிட்டு மருமகளின் வயிற்றைப் பார்த்தார். அவளுக்கு ஏழாவது மாதம். மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்களின் பெண் அவள். தையற்கடைக்காரி. இங்கே வந்து சேர்ந்து இரண்டு வருடமாகியும் பேச்சில் அந்தப் பக்கத்து இழுப்பு போகவில்லை. மகனும் அவளும் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். சுத்தக்காரர் அன்று வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. இப்போது மகான் வந்து அவருக்கு வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

மாமியார் கரண்டியை மேசைமேல் வைத்த சத்தத்தில் தண்ணீர்க் குவளை குதித்தது.

"மாட்டைப் பத்திப் பேசும்போது மாட்டைப் பாருங்க" என்றார்.

மருமகள் அழவில்லை. எழுந்துபோய்த் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் இயந்திரம் வேகமாக ஓடும். அன்று ஓடிய ஓட்டத்தில் ஒரு மாட்டுக் கோட்டு முழுசாகத் தைத்து முடிந்துவிட்டது.

குளிர் காலத்தில் மாடுகளுக்குப் பழைய கம்பளியிலும் சாக்கிலும் கோட்டு தைத்துத் தருவது அவளுடைய உபதொழில். கழுத்துப்பட்டை, நெற்றிவரை இழுத்துவிடத் தொப்பி, வயிற்றடியில் நாடா என்று கச்சிதமாக இருக்கும். மகான் வந்த பிறகு கோட்டு வாங்க ஆளில்லை. கயிறு கட்டிய மாட்டுக்குக் கோட்டு எதற்கு?

அவளுக்கு மட்டுமல்ல, கால்நடை டாக்டருக்கும் வேலை போய்விட்டது. ஊசிப் பெட்டியோடு அவர் தெருத்தெருவாகச் சுற்றினார். கதவுகளைச் சாத்தினார்கள். சரி, விளக்கிச் சொல்வோம் என்று ஒரு கூட்டம் போட்டார். படம் காட்டினார், கோடு காட்டினார், கோட்டுக்குமேல் கோடு காட்டினார். வந்திருந்த ஐந்து பேரில் நால்வர் தூங்கிவிட்டார்கள். விழித்திருந்த ஒருத்தி நம் தையற்கடைக்காரி.

கூட்டம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "சுருக்கமா சொல்லுங்க டாக்டர். கலப்பு குளிர் தாங்குமா, தாங்காதா?"

"நல்லாவே தாங்கும்மா. அப்பன் குளிர்நாட்டுக் காளை, ஆத்தா மலையிலேயே வளர்ந்தது. எதிர்ப்புச் சக்தியும் பல சமயம் நல்லாவே அமையும். ஆனா சுத்தமோ கலப்போ, ஈரத்துல படுத்தா நடுங்கத்தான் செய்யும். காஞ்ச படுக்கை, காத்து மறைப்பு, வயித்துக்குத் தீனி, கன்னு பொறந்த உடனே சீம்பால், நேரத்துக்குத் தடுப்பூசி. இவ்வளவுதான்."

"இதை இப்பச் சொன்ன மாதிரி அங்கயும் சொல்லியிருந்தா நாலு பேர் முழிச்சிருப்பாங்களே!"

டாக்டர் தலையைச் சொறிந்தார். "சொன்னா மட்டும் நம்பிடுவாங்களா? அவர் சொல்றது அப்படியே பலிக்குதுங்கறாங்களே. எது கலப்பு, எது சுத்தம்னு தப்பாம சொல்றாராமே?"

"தப்பாமதான் சொல்றாரு. என் கடை ஜன்னல் கொட்டகைக்கு நேர் எதிரே. வரிசையில நிக்கறவங்ககிட்ட அந்தச் சீடர் டீயும் கையுமா போறாரு. 'மாடு எங்க வாங்கினீங்க, என்ன இனம்'னு பேச்சுக் குடுக்கறாரு. சுத்தம்னு சொன்னா வெள்ளை டோக்கன், பாதின்னா மஞ்சள், ஒண்ணும் தெரியாதுன்னா சிவப்பு. மகான் காதை வைக்கிறது மாட்டு மேல. கண்ணு இருக்கிறது டோக்கன் மேல."

டாக்டர் வாயைப் பிளந்தார். "இதைப் போய் எல்லார்கிட்டயும் சொல்லலாமே!"

"நான் சொன்னா, மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி பொறாமையில சொல்றாம்பாங்க. அவர் வாயாலயே வரவைக்கணும். ஒரே மாட்டை மூணு தடவை காட்டுவோம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுத்தக்காரர் விடிந்ததுமே கொட்டகைக்குப் போய்விட்டார். மார்பில் 'தொண்டர்' அட்டை குத்திக்கொண்டு வடக்கு வாசலில் லாரியை ஒழுங்குபடுத்துகிற உயர்ந்த பொறுப்பு அவருக்கு. "புள்ளியை நீயே ஓட்டிட்டு வந்துடு" என்று மகனிடம் சொல்லியிருந்தார். மகன் ஓட்டிக்கொண்டுதான் வந்தான். ஆனால் வரிசை நிற்கிற தெற்கு வாசலுக்கு.

அங்கே முதலில் கயிற்றைப் பிடித்தது மருமகள். புள்ளிக்கு நீலக் கோட்டு, தொப்பி. சீடர் டீயோடு வந்தார்.

"என்ன இனம்மா?"

"அப்பழுக்கில்லாத சுத்தமுங்க. அப்பன், ஆத்தா ரெண்டும் ஒண்ணு."

வெள்ளை டோக்கன். உள்ளே போனார்கள். மகான் கோட்டின் ஓரத்தைத் தூக்கிக் காதை வைத்தார். கண்ணை மூடினார், டோக்கனைப் பார்த்த பிறகு. முகம் மலர்ந்தது.

"ஆகா! ஒரே சுருதி! பாறைக்கு நடுவுல ஊத்து ஓடற மாதிரி! பனிக்கட்டி மேல படுக்க வைங்க, தும்மாது!"

ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது. வெள்ளைக் கயிறு கழுத்தில் ஏறியது. மருமகள் கழுத்துப்பட்டையை இழுத்து மூடி, புள்ளியை ஓட்டிக்கொண்டு வெளியே வந்து கொட்டகையைச் சுற்றினாள். பின்பக்கம் மாமியார் காத்திருந்தார். நீலக் கோட்டுக்குமேல் பழுப்புக் கோட்டு ஏறியது.

இந்தத் தடவை மகன். முகத்தில் மப்ளர் சுற்றியிருந்தான். குளிருக்காக அல்ல, சிரிப்புக்காக.

"பாதிப்பாதிங்க" என்றான், மப்ளருக்குள்ளிருந்து.

மஞ்சள் டோக்கன். மகான் அதே விலாவில் அதே காதை வைத்தார். முகம் சுருங்கியது.

"ஐயோ, ஐயோ! உள்ள ஒரே சண்டை! அப்பன் ரத்தம் அடிக்குது, ஆத்தா ரத்தம் அழுவுது! மஞ்சள் கயிறு இல்லாட்டி மாசம் தாண்டாது!"

மகனின் தோள் குலுங்கியது. "அழாதப்பா, கயிறு காப்பாத்தும்" என்று சீடர் முதுகைத் தட்டினார். அவன் இன்னும் அதிகமாகக் குலுங்கினான். பக்கத்திலிருந்த ஒரு பெண்மணிக்கு அதைப் பார்த்துக் கண்ணே கலங்கிவிட்டது.

மூன்றாவது கோட்டு கறுப்பு. மூன்று கோட்டில் புள்ளி ஒரு சோபா செட்டைப் போல இருந்தது. கயிற்றைப் பிடித்து மாமியார் நுழைந்தார். வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள்: "இவங்க வீட்டுல எத்தனை மாடுய்யா இருக்கு?" சீடர் வெளியூர். அவருக்கு அந்தக் கவலை இல்லை.

"என்ன இனம்மா?"

"எனக்கென்னங்க தெரியும். தெருவுல நின்னுச்சு, கூட்டிட்டு வந்தேன்."

சிவப்பு. மகான் காதை வைத்தவர், சுட்டதுபோல எடுத்தார்.

"அம்மா! இது கலப்புக்குள்ள கலப்பு! மூணு தலைமுறையா கெட்டுப்போன ரத்தம்! இதுக்குக் கயிறு கட்டினாலும் பலனில்ல. கட்டிட்டு, லாரியில ஏத்திடுங்க."

பலனில்லாத கயிற்றையும் கட்டி, அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்கள். தொழில் சுத்தம்.

"சாமி, நல்லாக் கேட்டீங்களா? இன்னொரு தடவ கேட்டுப் பாருங்களேன்" என்றார் மாமியார்.

"என் காது தப்பினதே இல்ல!"

"அப்படின்னா சரி. ஏம்மா, கத்திரிக்கோலைக் கொண்டா."

மருமகள் வந்தாள். கறுப்புக் கோட்டின் நாடாவை வெட்டினாள். கோட்டு விழுந்தது. பழுப்பு நின்றது. அதையும் வெட்டினாள். நீலம் நின்றது. கூட்டத்தில் ஒருவர் "அட, இது முன்னாடி வந்த சுத்தமாச்சே!" என்றார். நீலமும் விழுந்தது. தொப்பியில்லாமல், கோட்டில்லாமல், தன் புள்ளிகளோடு புள்ளி நின்றது. கழுத்தில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கயிறு.

மகன் வெடித்தான். மப்ளர் பறந்தது. அவன் சிரிப்பு பக்கத்தில் தொற்றியது, வரிசையில் ஓடியது, கொட்டகையின் கூரையைத் தூக்கியது. மாடுகள்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன.

மகான் லேசுப்பட்டவரா? எழுந்து நின்றார். இரண்டு கையையும் தூக்கினார்.

"அற்புதம்! ரத்தம் மாறுகிற மாடு! ஆயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை பிறக்கும்! இதைத் தேடித்தான் நான் இத்தனை ஊர் அலைஞ்சேன்!"

என்ன ஆச்சு தெரியுமா? சிரித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் புள்ளியைக் கும்பிட ஆரம்பித்தார்கள். ஒருவர் வாலிலிருந்து ஒரு முடி கேட்டார். இன்னொருவர் கேட்காமலே பிடுங்கி, உதை வாங்கி, அதையும் ஆசீர்வாதம் என்றார். டாக்டர் முன்னால் வந்து, "இதை அறிவியல்பூர்வமாகப் பார்த்தோமானால்" என்று ஆரம்பித்தார். அதோடு அவரைக் கேட்க ஆளில்லை.

இந்தச் சந்தடியைக் கேட்டு வடக்கு வாசலிலிருந்து ஓடிவந்தார் சுத்தக்காரர். தன் மாட்டைப் பார்த்தார். தன் குடும்பத்தைப் பார்த்தார். மூன்று கயிற்றையும் பார்த்தார். எல்லாம் பார்த்த பிறகும் சொன்னார்:

"சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மகானுக்கு உயிர் வந்தது. "இதோ நம்ம தொண்டர்! என் காது மாட்டுக்கு மட்டும்னு நினைச்சீங்களா? மனுஷ ரத்தமும் பேசும்!" என்று பாய்ந்து, அவருடைய நெஞ்சில் காதை வைத்தார். சீடர் மைக்கை நீட்டினார்.

"கேளுங்க ஊராரே! பத்துத் தலைமுறை கலப்பில்லாத சுத்தம்! அப்பன் வழி வெள்ளி! அம்மா வழி பொன்!"

சுத்தக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அம்மா வழியுமா, சாமி?"

"குறிப்பா அம்மா வழி! உங்கம்மா ரத்தம் தனியாவே கேட்குதே! ஒரே சுருதி! நம்ம பக்கத்து ரத்தம்!"

சுத்தக்காரரின் முகம் என்னவோ ஆனது. 'தொண்டர்' அட்டையை விரலால் தடவிக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்.

"எங்கம்மா மலைக்கு அந்தப் பக்கம்."

மைக்கு அவர் வாயருகே இருந்தது. ஊர் முழுக்க அது கேட்டது.

"நான் சின்னப் பையனா இருக்கும்போதே போய்ச் சேந்துட்டாங்க. இந்த ஊருக்குப் பொழைக்க வந்த நாள்லேருந்து இதை யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. மாட்டைப் பத்தி நீங்க என்ன சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன் சாமி. இப்பக்கூட நம்பத்தான் வந்தேன். ஆனா என் நெஞ்சுல காதை வச்சீங்களே, எங்கம்மா உங்க காதுல விழலையே? எனக்கு இந்தக் குளிர்ல இதுவரைக்கும் ஒரு சளிகூடப் பிடிச்சதில்ல. அது அவங்க குடுத்த உடம்பு. அவங்களை இல்லேன்னுட்டீங்களே."

வால்முடியைப் பிடித்திருந்தவர் அதைக் கீழே போட்டார். கும்பிட்ட கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

சுத்தக்காரர் பயந்துகொண்டே மனைவி பக்கம் திரும்பினார். "உன்கிட்டகூட மறைச்சுட்டேன்."

"கிழிச்சீங்க" என்றார் மனைவி. "கல்யாணத்துக்கு முன்னாலயே உங்க சித்தி சொல்லிட்டாங்க. நீங்களா எப்பச் சொல்லுவீங்கன்னு பார்த்துட்டிருந்தேன். இப்படி மைக்கு வச்சுச் சொல்லுவீங்கன்னு நினைக்கல."

சுத்தக்காரர் மருமகளைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தை.

"அவங்க பேச்சும் உன் பேச்சு மாதிரியேதாம்மா இழுக்கும். நீ பேசறதைக் கேட்கறப்பல்லாம் எனக்குப் பகீர்னு இருக்கும். யாராவது கண்டுபிடிச்சிருவாங்களோன்னு. அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

"தப்புதான் மாமா" என்றாள் அவள். சும்மா விட்டுவிடவில்லை. "முதல்ல போய் லாரியைத் திறந்து விடுங்க. உள்ள பத்து மாடு நிக்குது."

அவர் ஓடினார். மகான் அதைவிட வேகமாக ஓடினார். வேனில் ஏறிச் சாவியைத் திருகினார். வேன் "க்ர்ர்" என்றது, "ம்ஹூம்" என்றது. அதற்கும் சளி பிடித்திருந்தது.

"காதை வச்சுக் கேளுங்க சாமி! கலப்பு டீசலா இருக்கப் போவுது!" என்று மகன் கத்தினான்.

சீடரின் பையிலிருந்து அவரவர் பணம் அவரவருக்குத் திரும்பியது. கயிறுகள் வேனுக்குள் வந்து விழுந்தன. காவலர்கள் வந்து மகானையும் சீடரையும் தரகரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒரு காவலர் தன் சட்டைப்பையிலிருந்த மஞ்சள் கயிற்றை யாரும் பார்க்காதபோது வேனுக்குள் போட்டார். எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாள் டாக்டர் வாசலில் வரிசை. அவரும் திருந்திவிட்டார். கோடு காட்டாமல் ஊசி போட்டார். மகாராணியின் கொட்டில் சுவரில் கைநுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்ததையும், இரவெல்லாம் அதன்வழியே காற்று நேராக மகாராணியின் மூஞ்சியில் அடித்ததையும் கண்டுபிடித்தார். ஓட்டையை அடைத்து, ஈரப் படுக்கையை மாற்றி, மருந்தும் கொடுத்தார்கள். கம்பீரம் நின்றுபோனது.

கடும் பனியில் பேத்தி பிறந்தாள். பிறந்த சத்தம் தெருமுனை வரை கேட்டது. "யார் பக்கத்து ஜாடை?" என்று விசாரிக்க வந்தவர்களிடம் சுத்தக்காரர், "பசி வந்தா அழுவுது, வயிறு நிறைஞ்சா தூங்குது. எல்லாப் பக்கத்து ஜாடையும் இருக்கு" என்று சொல்லி அனுப்பினார். சுத்தம் என்ற சத்தத்தை இப்போது பாலுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். அதிலும் பாத்திரத்தைத் திறந்து காட்டிவிட்டுத்தான் ஊற்றுகிறார்.

இங்கே கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பக்கத்து ஊரில் கோழி மகான் ஒருவர் இறங்கியிருக்கிறாராம். முட்டையைக் குலுக்கிப் பார்த்தே பரம்பரை சொல்கிறாராம். நிற்க இடமில்லையாம். எங்கள் ஊரிலிருந்தும் இரண்டு பேர் கூடையோடு போயிருக்கிறார்கள்.

மாட்டுக்குக் குளிர்கிறதா என்று அறிய அதன் காதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லித் தருகிறார் டாக்டர். சில்லென்றிருந்தால் சந்தேகப்படலாம் என்கிறார். நல்ல யோசனை. மனிதனுக்கு மூளை உறைந்துபோயிருக்கிறதா என்று எங்கே தொட்டுப் பார்ப்பது? அதை ஒரு மகானிடம் போய்க் கேட்காதீர்கள். அங்கே போகிறோமா இல்லையா என்பதிலேயே பதில் தெரிந்துவிடும்.